சேனைத் தண்டு சாஞ்சா யாராவது அழுவாவளாட்டி?

மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு மார்கழி மாசம் முழுக்க நான் அஞ்சு வெறும் மண்தொட்டிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தேன். செடி இல்ல, இலை இல்ல, ஒரு தண்டு கூட மிச்சமில்ல, மண்ணு மட்டும் தான், அதுக்கு காலைல ஒரு மக் சாயங்காலம் ஒரு மக். காபி டம்ளரோட பால்கனிக்கு வந்த வீட்டுக்காரர் ஒரு நாள் நின்னு பாத்துட்டு "யாருக்கு ஊத்துற?"ன்னு கேட்டார். "கலேடியத்துக்கு"ன்னேன். "எங்க?"ன்னார். "உள்ள இருக்கு"ன்னேன். அவர் ஒண்ணும் சொல்லல, உள்ள போயிட்டார். கிண்டல் பண்ணியிருந்தா மறந்திருப்பேன், அந்த ஒண்ணும் சொல்லாம போனது தான் ரொம்ப நாளைக்கு உறுத்துச்சு.

கலேடியம்னா கலர் இலைக்காகவே வளர்க்குற செடி. ஐப்பசி வரைக்கும் அந்த அஞ்சு தொட்டியும் பால்கனிய அடைச்சுக்கிட்டு நின்னுச்சு. துணி காயப்போட கொடிக்குப் போகணும்னா இலைய ஒதுக்கிட்டுத் தான் போகணும். அப்புறம் மழை ஆரம்பிச்சு ஒரு மாசத்துல ஒண்ணொண்ணா தண்டு துவண்டுச்சு, இலை ஓரம் பேப்பர் மாதிரி ஆச்சு, கார்த்திகைக்கு அகல் வைக்க எடம் தேடுனப்போ பாத்தா பால்கனி பாதி காலி. நான் சும்மா இருந்தேனா? மழைல வேர் அழுகிருக்கும்னு பூஞ்சாண மருந்து கலந்து ஊத்தினேன், அப்புறம் இல்ல இல்ல இது குளிருன்னு தொட்டியெல்லாம் ஹாலுக்கு இழுத்தேன், டைல்ஸ்ல கீறல் விழுந்தது தான் மிச்சம், அப்புறம் சத்து பத்தலைன்னு கடலைப் புண்ணாக்கு ஊறவச்ச தண்ணி, வீடு முழுக்க ஒரு வாரம் நாறிச்சு, மறுபடியும் பால்கனிக்கே கொண்டு போய் வச்சேன். மழை நின்னதும் மண்ணு காயுதேன்னு பயந்து ரெண்டு வேளைத் தண்ணி. கடைசி இலையும் போனப்புறமும் நிறுத்தல, ஏன்னா நிறுத்துனா நானே கொன்ன மாதிரி ஆயிடும்ல.

இத ஏன் இப்ப எழுதுறேன்னா, போன வாரம் எங்க அபார்ட்மெண்ட்ல மூணாவது மாடியில இருக்குற பொண்ணு ஒரு தொட்டிய எடுத்துக்கிட்டு குப்பைத் தொட்டிக்கிட்ட நிக்கிறத பாத்தேன். "ஜனவரிலயே செத்துப்போச்சுக்கா, சும்மா எடத்த அடைச்சுக்கிட்டு இருக்கு"ன்னுச்சு. கை நீட்டி வாங்கி வச்சுக்கிட்டேன். அந்தத் தொட்டி இப்ப என் பால்கனில இருக்கு. அதப் பத்தி கடைசில சொல்றேன்.

பேரெல்லாம் மனப்பாடம்

லாக்டவுன்ல ஊரே செடி வளர்க்க ஆரம்பிச்சுதே, நானும் அந்தக் கூட்டத்துல ஒருத்தி தான். ஈசிஆர் பக்கம் ஒரு நர்சரிக்குப் போனது ஒரு துளசிச் செடிக்காக. அங்க பச்சை நிழல் வலைக்குக் கீழ ஒரு மூலைல இது இருந்துச்சு. ரோஸ் கலர் இலை, நடுவுல நரம்பு மட்டும் ரத்தச் சிவப்பு, ஓரத்துல பட்டுப்பாவாடைக்கு வச்ச மாதிரி பச்சை பார்டர். இலை ரொம்ப மெல்லிசு, பின்னாடிலருந்து வெளிச்சம் பட்டா உள்ள பல்பு போட்ட மாதிரி இருக்கும். கடைக்காரத் தம்பி "கலேடியம் மேடம், பூவே வேணாம், இலையே பூ தான்"னான். 150 ரூபாய். துளசிய மறந்துட்டு வந்துட்டேன்.

அதுக்கப்புறம் ஒரு வெறி. நான் ஒரு விஷயத்துல எறங்குனா அப்படித் தான், மொதல்ல எல்லாத்தையும் படிச்சுடணும். நான் வாங்கின ரோஸ் கலருக்குப் பேரு கேரலின் வார்ட்டன். வெள்ளை இலைல பச்சை நரம்பு ஓடுனா அது கேண்டிடம், அத பிரான்ஸ்ல ஆல்ஃப்ரெட் ப்ளூன்னு ஒருத்தர் 1868-லயே உருவாக்கிட்டார், நூத்தம்பது வருஷம் தாண்டியும் இன்னும் அதே ரகத்த விக்கிறாங்க. எலுமிச்சை நிறத்துல சிவப்புப் புள்ளி தெளிச்ச மாதிரி இருந்தா மிஸ் மஃபெட். ஹென்றி நேர்லிங்னு பறவை ஆராய்ச்சி பண்ற ஒரு மனுஷன் 1893-ல சிகாகோ கண்காட்சிக்குப் போனவர் அங்க இந்த இலையப் பாத்து மயங்கி, புளோரிடால தோட்டம் போட்டு ரகத்தோட ரகம் கலந்து புதுப்புது ரகமா எடுத்தார். அதே புளோரிடால லேக் பிளாசிட்னு ஒரு சின்ன ஊரு, உலகத்துல விலைக்கு வர்ற கலேடியம் கிழங்குல பெரும்பங்கு அங்கேருந்து தான் போகுது, வருஷா வருஷம் ஜூலைல திருவிழாவே நடத்துறாங்க. நம்ம ஊர்ல முருகனுக்குத் தேர் இழுக்குற மாதிரி அவங்க இலைக்கு.

இதெல்லாம் எனக்குத் தலைகீழா தெரியும். ஆனா படிச்ச எல்லாத்துலயும் ஒரு வரி இருந்துச்சு, உறைபனி விழுறதுக்கு முன்னாடி கிழங்கத் தோண்டி எடுத்து உலர்த்தி உள்ள வைங்கன்னு. நான் அத தாண்டித் தாண்டிப் போயிட்டேன். சென்னைல உறைபனியா விழப்போகுது? மேடவாக்கத்துல மார்கழி ராத்திரி ஃபேன ரெண்டுல வச்சா போதும், அவ்ளோ தான் நம்ம குளிர். அது அமெரிக்காக்காரனுக்கு, நமக்கு இது வருஷம் பூரா நிக்கும்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன். எனக்குப் புரியாம போனது என்னன்னா, இந்தச் செடி பனியவே பாக்காத எடத்துலருந்து வந்தது. அமேசான் பக்கம் ஆத்தோரம், காட்டு விளிம்பு, அங்க மழைக்காலம் முடிஞ்சு வறட்சி வரும்போது இலைய உதிர்த்துட்டு கிழங்கா மண்ணுக்குள்ள படுத்துக்கும். மழை வந்தா எழும்பும். பனி வந்தாலும் வராட்டியும் அதுக்கு வருஷத்துல நாலஞ்சு மாசம் தூக்கம் வேணும். தூங்குற ஆள எழுப்பி எழுப்பி வாயில தண்ணி ஊத்தினா என்ன ஆகும், அது தான் ஆச்சு.

புண்ணாக்கும் பச்சையும்

கொஞ்சம் பின்னாடி போறேன், ஏன்னா அந்த வருஷம் நான் பண்ணின கூத்து இது மட்டும் இல்ல. ஆடி மாசம் வாக்குல கேரலின் வார்ட்டன் ஒண்ணு ஒரு முழம் இலை விட்டுச்சு, எனக்கோ தல கால் புரியல, சத்து நல்லாப் பிடிக்குதுன்னு வாராவாரம் புண்ணாக்குத் தண்ணி. இலை பெருசாச்சு, தண்டு தடிச்சுச்சு, கூடவே ரோஸ் கொறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. ஓரத்துல இருந்த பச்சை பார்டர் உள்ள உள்ள நகந்து வந்து, ஒரு கட்டத்துல நடுவுல மட்டும் கொஞ்சம் கலர், மத்ததெல்லாம் சாதாப் பச்சை. நைட்ரஜன் அதிகமானா இப்படித் தான் பச்சை ஏறும். மண்புழு உரம் நடும்போது ஒரு தடவை, நடுவுல ஒரு தடவை, அவ்ளோ போதும்னு இப்ப தெரியுது.

கேண்டிடம் கத இன்னும் மோசம். வெள்ளையா இருக்குற எடத்துல பச்சையமே கிடையாது, அதாவது அந்த எடத்துல சமையல் நடக்கல, நரம்பு ஓரத்துல இருக்குற பச்சை தான் மொத்த இலைக்கும் சோறு போடணும். பத்துப் பேருக்கு ஒருத்தி சமைக்கிற வீடு மாதிரி. எங்க பால்கனி மேற்குப் பாத்தது, சித்திரை வெயில் மூணு மணிக்கு நேரா உள்ள வரும். ஒரு நாள் வெளிய போயிட்டு அஞ்சு மணிக்கு வந்து பாத்தா இலைல இஸ்திரிப் பெட்டி வச்ச மாதிரி காப்பிக்கலர்ல வெந்து போயிருக்கு. சரின்னு ஹாலுக்குள்ள டிவி பக்கத்துல வச்சா தண்டு நீட்டு நீட்டா போய் சோபா கைல சாஞ்சுக்கிச்சு. காலை வெயில் ரெண்டு மணி நேரம், மிச்சத்துக்கு நிழல் வலை, இது தான் எங்க வீட்டுக்கு சரிப்பட்டுச்சு. உங்க வீட்டுக்கு நீங்க தான் கண்டுபிடிக்கணும், திசைக்குத் திசை மாறும்.

நியூஸ்பேப்பர் மேல

இப்ப அந்த மார்கழிக்கு வரேன். போகிக்கு முந்தின நாள் ஊர்லருந்து பஸ்ல பார்சல் வந்துச்சு. எங்க அம்மா அம்பாசமுத்திரம் பக்கத்துல தனியா இருக்காங்க, வருஷா வருஷம் பொங்கலுக்கு ஒரு சாக்கு கிழங்கு அனுப்புவாங்க. எங்க பக்கம் பொங்கப்படின்னா கிழங்கு இல்லாம கிடையாது, சேனை, சேம்பு, சிறுகிழங்கு, பனங்கிழங்கு, எல்லாம் வரும், கூட மஞ்சக்கொலையும் வரும். ராத்திரி பத்து மணிக்கு கோயம்பேடு போய் எடுத்துட்டு வந்து, ஹால்ல நியூஸ்பேப்பர விரிச்சு சாக்க அவுத்துக் கொட்டினேன். ஊரு மண்ணு வாசம்.

அந்த வாசம் தான் என்ன கிளப்பி விட்டுச்சோ என்னவோ, போன் டார்ச்ச போட்டுக்கிட்டு பால்கனிக்குப் போயி மொதத் தொட்டிய அப்படியே கவுத்தேன். நாப்பது நாளா கை வைக்காம இருந்தவ. மண்ணு கட்டியா விழுந்துச்சு, ஈரம் சொதசொதன்னு. விரல விட்டுத் துழாவினா கிழங்கு கிடைக்கல, வழுவழுன்னு ஒரு கஞ்சி மாதிரி ஏதோ பட்டுச்சு, மேல் தோல் மட்டும் காலிப் பை மாதிரி கைல வந்துச்சு, உள்ள இருந்தது விரலிடுக்குல வழிஞ்சுது. அந்த நாத்தம் எனக்குத் தெரிஞ்ச நாத்தம். அழுகின சேப்பங்கிழங்கு நாத்தம். ஃப்ரிட்ஜ்ல காய்கறி ட்ரேக்கு அடியில மறந்து போயி கிடக்குமே, அதே தான். ரெண்டாவது தொட்டியும் அப்படியே. மூணாவதும். நாலாவதுல பாதி. அஞ்சாவது தொட்டி பால்கனி மூலைல ஏசி அவுட்டோர் யூனிட்டுக்குப் பின்னாடி இருந்தது, கை எட்டாததால பாதி நாள் தண்ணி ஊத்தாம சோம்பல்பட்டு விட்டது. அதுல ஒரு கிழங்கு கல்லு மாதிரி இருந்துச்சு.

கழுவி எடுத்துட்டு வந்து வைக்க வேற எடமில்லாம அதே நியூஸ்பேப்பர் மேல வச்சேன். அம்மா அனுப்பின சேப்பங்கிழங்குக்குப் பக்கத்துல. வச்சவ அப்படியே உக்காந்துட்டேன். ரெண்டுக்கும் அதே வளையம் வளையமான தோலு, அதே கருப்பு மயிர் மாதிரி காஞ்ச வேரு, உச்சில அதே மாதிரி முனை, சேம்புக்கு லேசா வெளிறின ரோஸ், இதுக்கு இன்னும் கொஞ்சம் அழுத்தமா. கலந்து போட்டா எது எதுன்னு பிரிக்க ஒரு நிமிஷம் ஆகும். பக்கத்துல சேனை, யானைக்கால் மாதிரி, நடுக்குழில முளை எட்டிப் பாத்துக்கிட்டு. ஒரே குடும்பம் பொங்கலுக்கு ஊருக்கு வந்து பாய் விரிச்சுப் படுத்திருக்குற மாதிரி இருந்துச்சு.

மறுநாள் காலைல அம்மாவுக்கு போன் பண்ணி, கிழங்கு வந்துச்சுன்னு சொல்லிட்டு, சேத்து இந்தக் கதையையும் சொன்னேன். இலையெல்லாம் போச்சும்மா, எவ்ளோ தண்ணி ஊத்தியும் வரலம்மா, நாலு தொட்டி அழுகிடுச்சும்மா. அம்மா முழுசா கேட்டாங்க. அப்புறம் கேட்டாங்க, "ஏட்டி, நீ ஊர்ல தான பொறந்த? சேனைத் தண்டு சாஞ்சா யாராவது அழுவாவளா?"

எனக்கு முதுகுல ஒண்ணு வச்ச மாதிரி இருந்துச்சு. சேனைத் தண்டு சாயுறதுக்குத் தான் வீடே காத்துக்கிட்டு இருக்கும். சித்திரைல வச்சது, ஆறடிக்குக் கொடை மாதிரி நிக்கும், மார்கழி வாக்குல மஞ்சளாகி ஒரு நாள் பொத்துன்னு விழும். விழுந்தா ஆச்சிக்கு முகம் மலரும், "எடுக்கலாம்"னு அர்த்தம். யாரும் அதுக்குத் தண்ணி பாய்ச்ச மாட்டாங்க. எடுத்த கிழங்குல வெதைக்குன்னு நாலு ஒதுக்கி சாம்பல் தூவி பரண் மேல போட்டா சித்திரை வரைக்கும் அது பாட்டுக்கு கிடக்கும், தன்னால முளை தள்ளும். இத நான் பதினாறு வயசு வரைக்கும் வருஷா வருஷம் பாத்தவ. கலேடியத்தோட தண்டு சாஞ்சப்போ இதுல ஒண்ணு கூட ஞாபகத்துக்கு வரல. எப்படி வரும், அது கலேடியம்ல. அதுக்கு பிரெஞ்சுக்காரன் பேரு, சிகாகோ கண்காட்சி, நர்சரி, 150 ரூபாய், செல்ஃபில வச்சு போட்டோ. சேனை வேற சாதி, சாக்குல வர்றது. என் மண்டைல ரெண்டும் வேற வேற ரூம்ல இருந்துச்சு.

சேம்புன்னே கூப்பிட்டிருந்தா

அப்புறம் தான் ஒரு விஷயம் கண்ணுல பட்டுச்சு. தாய்லாந்துல இந்தச் செடிக்குப் பெரிய மவுசு, அங்க ஐந்தாம் ராமா மன்னர் காலத்துல ஐரோப்பாலருந்து வந்து அரண்மனைல ஏறினதுன்னு சொல்வாங்க, இலைச்செடிகளோட ராணின்னு பட்டமே உண்டு, ஈரப்பதத்துக்காக பிளாஸ்டிக் தாள் போட்ட கூண்டுக்குள்ள வச்சு வளர்ப்பாங்க. அவ்ளோ கொண்டாடுறவங்க அதுக்கு வச்ச பேரு "போன் ஸீ". போன்னா சேம்பு. ஸீன்னா கலர். கலர் சேம்பு! முடிஞ்சுது கத. ராணின்னு பட்டம் கொடுத்தாலும் அது யாரு வீட்டுப் பொண்ணுன்னு மறக்கல. நம்ம ஊர்லயும் சில நர்சரில கலர் சேம்புன்னு சொல்றவங்க இருக்காங்க, ஆனா அப்படிச் சொன்னா விலை பாதியாயிடும்னு பயமோ என்னவோ போர்டுல கலேடியம்னு தான் எழுதியிருக்கு.

சேம்புன்னு நெனச்சுப் பாத்தா எவ்ளோ விஷயம் தானா தெரிஞ்சுருக்கும்னு அதுக்கப்புறம் ஒண்ணொண்ணா தட்டுப்பட்டுச்சு. தொட்டி மாத்தும்போது கிழங்க வெட்டின கையோட கண்ணைக் கசக்கி, ராத்திரி பூரா அரிச்சு, அலர்ஜின்னு மாத்திரை போட்டுக்கிட்டேன். சேப்பங்கிழங்கு உரிக்கிறவ மொதல்ல கைல எண்ணெய் தேச்சுக்குவான்னு தெரியாதா எனக்கு? ரெண்டுலயும் அதே ஊசி ஊசியான கால்சியம் ஆக்சலேட் தான். சேப்பங்கிழங்க அவிச்சுப் புளி விட்டு சாப்பிடுறோம், கலேடியத்த அதுவும் கூடாது, இலையோ கிழங்கோ வாய்ல வச்சா நாக்கு தடிச்சுக்கும். தவழுற குழந்தையோ செடியக் கடிக்கிற பூனையோ இருக்குற வீட்டுல கைக்கு எட்டாத எடத்துல தான் வைக்கணும். அப்புறம் காலைல இலை நுனில ஒரு சொட்டுத் தண்ணி தொங்குமே, பனியும் இல்ல மழையும் இல்ல எங்கேருந்துன்னு ஒரு மாசம் குழம்பினேன், அது செடி தானே வெளிய தள்ளுற தண்ணி, சேம்பு இலைலயும் தொங்கும், பள்ளிக்கூடம் போகும்போது விரலால தட்டி விட்டுக்கிட்டே போவோம். புரட்டாசில ஒரு புழு வந்துச்சு, விரல் தடிமன், வால்ல ஒரு கொம்பு, ராத்திரியோட ராத்திரியா ஒரு இலையத் தின்னுட்டு நரம்ப மட்டும் விட்டுட்டுப் போச்சு. போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினா "இது நம்ம சேம்புப் புழுல்லா, பிடிச்சு கோழிக்குப் போடு"ங்கிறாங்க. பதினோராவது மாடில கோழிக்கு எங்க போவேன்.

இப்ப நான் பண்றது ரொம்ப சிம்பிள். ஐப்பசி கடைசில இலை மஞ்சளாக ஆரம்பிச்சா மழை படாத எடத்துக்குத் தொட்டிய நகத்திடுறேன், தண்ணிய கொறைச்சுக்கிட்டே வந்து, கடைசி இலை விழுந்தப்புறம் சுத்தமா நிறுத்திடுறேன். கிழங்க எடுக்குறது கூட இல்ல, தொட்டியோட சமையல் ரூம் பரணுக்குக் கீழ படுக்க வச்சிடுவேன், நின்னா எவளாவது மறந்து தண்ணி ஊத்திடுவா, அந்த எவளாவது நான் தான். ஃப்ரிட்ஜ் பக்கமே போகக் கூடாது, 15 டிகிரிக்குக் கீழ போனா கிழங்குக்கு ஆகாது. சித்திரை பிறந்ததும் பழைய மண்ண உதிர்த்துட்டு, தேங்காய் நார் ரெண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, ரெண்டு கை மணல், எட்டு இஞ்ச் தொட்டிக்கு மூணு கிழங்கு, ரெண்டு இஞ்ச் ஆழம். முளை மேல பாத்து இருக்கணும், தலைகீழா வச்சாலும் வரும், சுத்தி வர நாளாகும் அவ்ளோ தான். முளை தெரியுற வரைக்கும் தண்ணி தெளிக்கிறதோட சரி. மொத இலை மங்கலா பச்சையா வந்தா ஏமாந்துட்டோம்னு நெனைக்காதீங்க, மூணாவது நாலாவது இலைல தான் கலர் பிடிக்கும். நான் அப்படி ஒரு தடவை அவசரப்பட்டு ஆன்லைன்ல கிழங்கு வித்த ஒரு ஆளு கூட சண்டையே போட்டேன். ஆனா அந்த ஆளு அனுப்பின ஆறுல ரெண்டு நெஜமாவே வேற ரகம் தான், சண்டை முழுசா வீண் இல்ல.

இன்னொண்ணு, நடுவுல இருக்குற பெரிய முளைய கத்தி முனையால நோண்டி எடுத்துடுவாங்க, அப்போ பக்கத்து முளையெல்லாம் கிளம்பி இலை சின்னதா நெறைய வந்து தொட்டி புதர் மாதிரி ஆகும். மொதல்ல எனக்கு மனசே வரல. ஆச்சி சேனைய வெட்டும்போது ஒவ்வொரு துண்டுலயும் நடு முளைல கொஞ்சமாவது ஒட்டியிருக்கணும்னு பாத்துப் பாத்து வெட்டுவா, சாணிப்பால்ல முக்கி எடுப்பா, முளைய வீணாக்கினா திட்டுவா. அந்தக் கைய பாத்து வளர்ந்துட்டு முளையத் தோண்டி வீசுறதுன்னா கை நடுங்கத் தான் செய்யும். ரெண்டு தொட்டிக்கு மட்டும் பண்ணேன். நெசமாவே புதர் மாதிரி வந்துச்சு. இருந்தாலும் நோண்டாம விட்ட தொட்டில வர்ற அந்த நாலே நாலு பெரிய இலை தான் எனக்குப் பிடிச்சிருக்கு.

அம்மா சொன்னது அப்படியே வேதவாக்குன்னு நான் சொல்ல வரல. அந்த உயிர் பிழைச்ச அஞ்சாம் தொட்டிக் கிழங்கு அடுத்த வருஷம் மூணாப் பெருகுச்சு, ஒண்ண ஊருக்கு எடுத்துட்டுப் போய் அம்மாட்ட குடுத்தேன். சேம்பு தானன்னு அம்மா அத பொறவாசல்ல அங்கணத்துத் தண்ணி தேங்குற எடத்துல, நெஜ சேம்புக்கு நடுவுல சேத்துல நட்டாங்க. சேம்புக்குக் கால் நனைஞ்சுக்கிட்டே இருந்தா கொண்டாட்டம். இது பத்தே நாள்ல அழுகிடுச்சு. "ஒய்யாரக்காரி, சேறு ஆகாதாம்ல"ன்னு போன்ல சொன்னாங்க, குரல்ல கொஞ்சம் தோத்துப்போன மாதிரி இருந்துச்சு. ரெண்டாவத துவைக்கிற கல்லு ஓரம் மேடு கட்டி வச்சாங்க, அது பிடிச்சுக்கிச்சு. ஆக மொத்தம் சொந்தம் தான், ஆனா பழக்கவழக்கம் வேற, பெரியம்மா பொண்ணு மெட்ராஸ்ல வளர்ந்த மாதிரி. இப்ப அங்க பச்சை சேம்புக்குப் பக்கத்துல ஒரே ஒரு ரோஸ் இலைக் கூட்டம், தெருவுல போற வர்றவங்க நின்னு கேக்குறாங்களாம். அம்மா பேரு சொல்றதில்ல. "மவ குடுத்தது"ன்னு மட்டும் சொல்றாங்களாம்.

மூணாவது மாடிப் பொண்ணுகிட்டருந்து வாங்கினேன்ல ஒரு தொட்டி, அது இன்னும் வெறும் மண்ணாத் தான் இருக்கு. என்னோட மத்த தொட்டியெல்லாம் சுருட்டுன வெத்தலை மாதிரி முளை விட்டு ரெண்டு வாரம் ஆச்சு. அந்தப் பொண்ணு ஜனவரில இலை போனப்புறம் எவ்ளோ நாள் தண்ணி ஊத்துச்சுன்னு எனக்குத் தெரியாது, கேக்கவும் கூச்சமா இருக்கு. ஒரு விரல விட்டுத் துழாவினா தெரிஞ்சுடும், கல்லா கஞ்சியான்னு. தினமும் காலைல அது முன்னாடி போய் நிக்கிறேன், கை பரபரங்குது. நேத்து வீட்டுக்காரர் காபியோட வந்து பாத்துட்டு "இதுலயும் உள்ள இருக்கா?"ன்னார். அம்மாட்ட கேட்டேன். "வைகாசி முடியட்டும், அதுவரைக்கும் கைய வச்சுக்கிட்டு சும்மா கெட"ன்னாங்க.

இன்னிக்கு வைகாசி 19.